முறையான மீளாய்வுக்கு மருத்துவ நூலகரை எந்தக் கட்டத்தில் அணுக வேண்டும்?

கேள்வி: செவிலியர் துறை ஆய்வு மாணவி

அனைவருக்கும் வணக்கம். செவிலியர் துறையில் முனைவர் பட்ட ஆய்வின் முதல் ஆண்டில் இருக்கிறேன். நீண்ட நாள் படுக்கையில் கிடக்கும் முதியவர்களைக் குறிப்பிட்ட இடைவெளியில் புரட்டிப் படுக்க வைப்பது, படுக்கைப் புண் வராமல் தடுக்க எந்த அளவுக்கு உதவுகிறது என்பதைப் பற்றி முறையான மீளாய்வு (ஒரு கேள்வி பற்றிய எல்லா ஆய்வுகளையும் திட்டமிட்டுத் தேடித் தொகுத்து மதிப்பிடும் ஆய்வு) ஒன்றைச் செய்யத் திட்டமிட்டிருக்கிறேன். இரண்டு வாரமாகக் கூகுள் ஸ்காலரிலும், மருத்துவக் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட்டிலும் தேடி வருகிறேன். பப்மெட்டில் சொற்களைச் சற்றே இடம் மாற்றினால் ஒரு முறை நாற்பதுக்கும் குறைவான கட்டுரைகளும், மறுமுறை பல ஆயிரம் கட்டுரைகளும் வருகின்றன. எதை நம்புவது என்று தெரியவில்லை.

இதை என் நெறியாளரிடம் சொன்னபோது, "முதலில் மருத்துவ நூலகரைப் பார்த்துவிட்டு வா" என்று மட்டும் சொன்னார். இதுவரை, முழுக் கட்டுரை கிடைக்காதபோது கேட்டு வாங்கும் இடமாகத்தான் நூலகத்தை நான் அறிந்திருக்கிறேன். நூலகர் எனக்காகத் தேடித் தருவாரா, அல்லது தேடுவது எப்படி என்று கற்றுத் தருவாரா? என் துறை அறிவு இல்லாத ஒருவரால் இதில் எவ்வளவு உதவ முடியும்? தேடலை ஓரளவு முடித்துக்கொண்டு போவது நல்லதா, அல்லது இப்போதே போகலாமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1: மருத்துவ நூலகர்

வணக்கம். இப்போதே போங்கள். ஓரளவு முடித்துக்கொண்டு வருபவர்களுக்கு உதவுவதுதான் எங்களுக்குக் கடினம், ஏனென்றால் அவர்கள் ஏற்கெனவே செய்த தேடலைக் கைவிட மனம் வராமல் அதையே ஒட்டுப்போடச் சொல்வார்கள்.

நாற்பதும் பல ஆயிரமும் வருவதற்கான காரணத்தை, உங்கள் தேடலைப் பார்க்காமலேயே ஓரளவு ஊகிக்க முடிகிறது. பப்மெட், 'ஆண்ட்', 'ஆர்' ஆகிய இணைப்புச் சொற்களை இடமிருந்து வலமாகவே செயல்படுத்தும். 'ரீபொசிஷனிங் ஆண்ட் ப்ரெஷர் அல்சர் ஆர் பெட்சோர்' (புரட்டுதல், பிறகு படுக்கைப் புண்ணின் இரு பெயர்கள்) என்று சொற்களை அடைப்புக்குறிக்குள் பிரிக்காமல் எழுதினால், முதல் இரண்டு சொற்களும் சேர்ந்து வரும் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, அவற்றோடு படுக்கைப் புண்ணைப் பற்றி உலகில் யார் எதை எழுதியிருந்தாலும் அத்தனையையும் கூட்டிவிடும். அதையே 'ப்ரெஷர் அல்சர் ஆர் பெட்சோர் ஆண்ட் ரீபொசிஷனிங்' என்று இடம் மாற்றினால் எண்ணிக்கை சட்டென்று சுருங்கும். வேறு சில தரவுத்தளங்கள் இந்த இணைப்புச் சொற்களை வேறு வரிசையில் செயல்படுத்துவதால், ஒரே வரி ஓரிடத்தில் ஒரு பொருளையும் இன்னோரிடத்தில் வேறு பொருளையும் தரும். ஒரே கருத்தைச் சொல்லும் சொற்களை எல்லாம் ஓர் அடைப்புக்குறிக்குள் 'ஆர்' போட்டு அடக்கிவிட்டு, அடைப்புக்குறிகளை மட்டும் 'ஆண்ட்' கொண்டு இணைத்தால் இந்தச் சிக்கல் எழாது.

அடுத்தது சொற்கள். உங்கள் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். பழைய கட்டுரைகளில் படுக்கைப் புண்ணுக்கு 'டெக்யூபிடஸ் அல்சர்' என்ற பெயர் இருக்கும். பிறகு வந்தவை 'ப்ரெஷர் சோர்' என்றும் 'ப்ரெஷர் அல்சர்' என்றும் எழுதின. 2016இல் அமெரிக்காவின் தேசிய ஆலோசனைக் குழு 'ப்ரெஷர் இன்ஜுரி' என்ற சொல்லுக்கு மாறியதால் அதன்பின் வந்த பல கட்டுரைகளில் 'அல்சர்' என்ற சொல்லே இருக்காது. எழுதியவர் எந்தப் பெயரைப் பயன்படுத்தியிருந்தாலும் அத்தனையையும் ஒரே தலைப்பின் கீழ்க் கொண்டுவருவதற்காகவே, அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் 'மெஷ்' என்ற பொருட்தலைப்பு அகராதியைப் பராமரித்து வருகிறது. அப்படியானால் மெஷ் தலைப்பை மட்டும் வைத்துத் தேடலாமே என்று தோன்றும். ஆனால் அண்மையில் சேர்ந்த சில பதிவுகளுக்கு இன்னும் தலைப்பு இடப்பட்டிருக்காது. பப்மெட்டின் முதன்மைத் தொகுப்பான மெட்லைனில் சேராமல் பப்மெட்டில் மட்டும் இருக்கும் பதிவுகள் பலவற்றுக்கு எப்போதுமே இடப்படாது. 2022இலிருந்து இந்தப் பணி பெரும்பாலும் கணினியாலேயே நடப்பதால் தவறான தலைப்புகளும் சில சமயம் விழுகின்றன. ஆகவே மெஷ் தலைப்பையும், கட்டுரையின் பெயரிலும் சுருக்கத்திலும் வரக்கூடிய எல்லா வழக்குச் சொற்களையும் சேர்த்தே தேட வேண்டும்.

இதில் சிறு சொல் ஒன்று எவ்வளவு படுத்தும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். புரட்டுதலைக் குறிக்க 'டர்ன்' என்று எழுதி, 'டர்னிங்', 'டர்ன்ட்' ஆகியவையும் வரட்டும் என்று பின்னால் நட்சத்திரக் குறி போடுவார்கள். உடனே 'டர்னோவர்' என்ற சொல்லும் உள்ளே வந்துவிடும். செவிலியர்கள் வேலையை விட்டு விலகும் விகிதத்தையும் மருத்துவமனையின் தரத்தையும் ஒப்பிடும் கட்டுரைகளில் படுக்கைப் புண் ஓர் அளவுகோலாக இருப்பதால், அவையெல்லாம் உங்கள் பட்டியலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த இடத்தில் நட்சத்திரத்தை எடுத்துவிட்டுச் சொற்களைத் தனித்தனியாக எழுத வேண்டும் என்று சொல்வதற்கு நூலகர் படுக்கைப் புண்ணுக்கு மருந்திட்டிருக்க வேண்டியதில்லை. துறை அறிவு உங்களுடையது. கட்டுரைகள் எப்படி விவரிக்கப்பட்டு, எங்கே ஒளிந்துகொள்கின்றன என்ற அறிவு அவருடையது. இரண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் தேடல் உருப்படும்.

'முதியவர்கள்' என்பதற்காகப் பப்மெட்டின் பக்கவாட்டில் உள்ள வயது வடிகட்டியைச் சொடுக்கியிருந்தால், தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். அந்த வடிகட்டி மெஷ் தலைப்பை நம்பியே இயங்குவதால், தலைப்பு இடப்படாத பதிவுகள் அனைத்தையும் சத்தமில்லாமல் நீக்கிவிடும். வயதைக் கட்டுரைகளைப் படித்துத் தெரிவு செய்யும்போது பார்த்துக்கொள்ளலாம். விளைவுகளைக் குறிக்கும் சொற்களைத் தேடலில் சேர்ப்பதும் பெரும்பாலும் ஆபத்தானதே, ஏனெனில் ஆய்வில் அளக்கப்பட்ட எல்லா விளைவுகளையும் சுருக்கத்தில் எழுதுவதில்லை.

முதல் சந்திப்பில் நூலகர் உங்களிடம் கேள்விகளைத்தான் கேட்பார்: யாருக்கு, எந்தத் தலையீடு, எதனுடன் ஒப்பீடு, எந்த விளைவு, எவ்வகை ஆய்வுகள் என்று. அத்தோடு, இதே கேள்விக்கு வேறு யாராவது ஏற்கெனவே பதில் எழுதியிருக்கிறார்களா என்றும் பார்ப்பார். உங்களுக்கு இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. வயதுவந்தோருக்குப் படுக்கைப் புண் வராமல் தடுக்க படுத்திருக்கும் நிலையை மாற்றுவது குறித்து, மருத்துவ மீளாய்வுகளை வெளியிடும் பன்னாட்டு அமைப்பான காக்ரேனின் மீளாய்வு ஒன்று 2014இல் வெளியாகி 2020இல் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. மனம் தளர வேண்டாம். அதைப் படித்துவிட்டு, உங்கள் கேள்வி அதிலிருந்து எங்கே விலகுகிறது என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நடந்துகொண்டிருக்கும் மீளாய்வுகளை யார்க் பல்கலைக்கழகம் 2011இல் தொடங்கிய 'ப்ராஸ்பரோ' பதிவேட்டில் பார்க்கலாம். உங்கள் திட்டத்தையும் வேலை தொடங்குமுன் அங்கே பதிவு செய்யுங்கள்.

தரவுத்தளங்களைப் பொறுத்தவரை பப்மெட் மட்டும் போதாது. செவிலியர் துறைக்குச் 'சினால்' இன்றியமையாதது. 'எம்பேஸ்', காக்ரேனின் சோதனைப் பதிவேடான 'சென்ட்ரல்' ஆகியவையும் தேவை. எம்பேஸுக்கு 'எம்ட்ரீ' என்ற தனி அகராதி உண்டு என்பதால் மெஷ் தலைப்புகளை அப்படியே அங்கே ஒட்ட முடியாது. ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் தேடலைத் திருப்பி எழுத வேண்டும். கூகுள் ஸ்காலர் எத்தனை இலட்சம் கிடைத்ததாகச் சொன்னாலும் முதல் ஆயிரத்துக்கு மேல் காட்டாது. அதைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2: மருந்தியல் ஆய்வாளர்

நூலகர் சொன்னதை என் அனுபவம் வழியாக உறுதிப்படுத்துகிறேன். என் முதல் மீளாய்வை நானும் என் சக ஆய்வாளரும் மட்டுமே தேடிச் செய்தோம். கட்டுரையை அனுப்பிய ஆய்விதழின் மதிப்பாய்வாளர், ஒவ்வொரு தரவுத்தளத்திலும் பயன்படுத்திய தேடல் வரிகளை முழுமையாகவும் தேதியுடனும் தருமாறு கேட்டார். எங்களிடம் இருந்தவை எண்ணிக்கைகள் மட்டுமே. நினைவிலிருந்து மறுபடி எழுதிப் பார்த்தபோது எண்கள் ஒத்துவரவில்லை. நான்கு மாதம் முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்தோம், அந்த முறை நூலகருடன். பழைய தேடலில் விடுபட்டிருந்த இரண்டு சமவாய்ப்புச் சோதனைகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று எங்கள் முடிவை வலுவிழக்கச் செய்தது. வேலை கூடியதைவிட, அந்த ஒன்றைப் பார்க்காமலேயே வெளியிட்டிருப்போமே என்ற எண்ணம்தான் என்னை இன்றும் உறுத்துகிறது.

தேடலை ஏன் இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் எப்போதும் 2001ஆம் ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொல்வேன். நலமான நுரையீரல் எப்படிச் செயல்படுகிறது என்பதை அறியும் ஆய்வொன்றில், ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தைச் சுவாசித்த 24 வயதுத் தன்னார்வலப் பெண் ஒருவர் நுரையீரல் பாதிப்பால் உயிரிழந்தார். அந்த மருந்தால் நுரையீரல் பாதிக்கப்படக்கூடும் என்பதற்கான குறிப்புகள் 1950களின் மருத்துவ இதழ்களிலேயே இருந்தன. ஆனால் ஆய்வுக்கு முன் நடந்த இலக்கியத் தேடலுக்குப் பயன்பட்ட தரவுத்தளம் அப்போது 1966க்கு முன் செல்லவில்லை. அந்தச் சாவுக்கு வேறு காரணங்களும் பேசப்பட்டன. ஒழுங்குமுறை அமைப்பு பல குறைகளைச் சுட்டிக்காட்டியது. ஆயினும், 'இந்தத் தரவுத்தளம் எந்த ஆண்டில் தொடங்குகிறது, அதற்கு முந்தையதை எங்கே பார்ப்பது?' என்ற கேள்வியை எந்த மருத்துவ நூலகரும் வழக்கமாகவே கேட்டிருப்பார். ஜான் ஷா பில்லிங்ஸ் 1879இல் தொடங்கிய 'இண்டெக்ஸ் மெடிகஸ்' என்ற அச்சு அட்டவணை, கணினிக்கு முந்தைய பல பத்தாண்டுகளின் கட்டுரைகளுக்கு வழிகாட்டி நூலக அடுக்குகளில் இருந்துகொண்டுதான் இருந்தது. அதன்பின் பழைய பதிவுகள் பல பப்மெட்டில் சேர்க்கப்பட்டுவிட்டன என்றாலும், பழைய மருந்தைத் தொடும் ஒவ்வொருவரும் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பதில் 3: சிறு கல்லூரி ஒன்றின் விரிவுரையாளர்

மேலே உள்ளவற்றை மறுக்கவில்லை, ஆனால் எல்லா நிறுவனங்களிலும் இப்படிப்பட்ட பயிற்சி பெற்ற நூலகர் இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் நூலகத்தில் எல்லாத் துறைகளுக்கும் சேர்த்து ஒரே ஒருவர்தான். அவரைச் சந்திக்க மூன்று வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது, எம்பேஸுக்குச் சந்தாவும் இல்லை. அவருடன் கிடைத்த ஒரு மணி நேரத்தைப் பயனுள்ளதாக்க, என் கேள்வியை ஒரு வரியில் எழுதி, கட்டாயம் கிடைத்தே ஆக வேண்டிய ஏழு கட்டுரைகளின் பட்டியலையும் கொண்டு போனேன். அவர் கட்டிய தேடலில் அந்த ஏழும் வருகின்றனவா என்று அங்கேயே சோதித்தோம். ஐந்து வந்தன. வராத இரண்டையும் திறந்து, அவற்றின் தலைப்பில் என்ன சொல் இருக்கிறது, எந்த மெஷ் தலைப்பு இடப்பட்டிருக்கிறது என்று பார்த்துத் தேடலில் சேர்த்தபோது ஏழும் வந்தன. எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த பாடம் அந்தக் கால் மணி நேரம்தான்.

வருமானம் குறைந்த நாடுகளில் இருப்பவர்கள், உலக சுகாதார நிறுவனம் பதிப்பாளர்களுடன் சேர்ந்து 2002இல் தொடங்கிய 'ஹினாரி' வழியாகத் தங்கள் நிறுவனத்துக்கு அணுக்கம் உண்டா என்று நூலகரிடம் கேட்டுப் பாருங்கள். தகுதி இருந்தும் பதிவு செய்யாமலே இருக்கும் கல்லூரிகளைக் கண்டிருக்கிறேன். சந்தா இல்லாத கட்டுரையை நூலகங்களுக்கிடையேயான இரவல் மூலம் வரவழைப்பதும் நூலகர் செய்யும் வேலைதான்.

பதில் 4: நூலகத்தின் ஆய்வுத் தரவுப் பிரிவில் பணிபுரிபவர்

தேடலைப் பற்றி விரிவாகப் பேசியாகிவிட்டது; அதற்குப் பின் வருவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நீங்கள் சேர்த்துக்கொள்ளும் கட்டுரைகளில் ஏதேனும் பின்னாளில் திரும்பப் பெறப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தி 'தி லான்செட்' 1998இல் வெளியிட்ட கட்டுரை 2010இல்தான் முழுமையாகத் திரும்பப் பெறப்பட்டது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் அது செய்த தீங்கை எல்லோரும் அறிவோம். ஸோடெரோ போன்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருள், உங்கள் தொகுப்பில் திரும்பப் பெறப்பட்ட கட்டுரை இருந்தால் எச்சரிக்கும். அதை நிறுவித் தருவதும், பல தரவுத்தளங்களிலிருந்து வந்த பதிவுகளில் இரட்டிப்பானவற்றை நீக்கக் கற்றுத் தருவதும் எங்கள் அன்றாட வேலை. அழைப்பு மின்னஞ்சல் அனுப்பிப் பணம் கேட்கும் ஆய்விதழ் நம்பத்தக்கதா என்ற ஐயம் வந்தால், பணம் கட்டுவதற்கு முன் எங்களிடம் வாருங்கள். கட்டிய பிறகு வருபவர்களிடம் வருத்தம் தெரிவிப்பதைத் தவிர எங்களால் அதிகம் செய்ய முடிவதில்லை.

தரவும் அப்படியே. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் 2023 ஜனவரி முதல், நிதி கேட்கும் விண்ணப்பத்துடனேயே தரவு மேலாண்மைத் திட்டத்தைக் கேட்கின்றன. பிற நிதி வழங்குநர்களும் இதே வழியில் செல்கிறார்கள். கட்டுரைகளிலிருந்து பிரித்தெடுத்த தரவுக் கோப்பை எங்கே வைப்பது, எந்தப் பெயரில் வைப்பது, ஐந்து ஆண்டு கழித்து வேறொருவர் திறந்தால் பத்தித் தலைப்புகள் அவருக்குப் புரியுமா என்பதையெல்லாம் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: செவிலியர் துறை ஆய்வு மாணவி

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. காக்ரேன் மீளாய்வைப் பற்றி எனக்குத் தெரியவே தெரியாது. நேற்றிரவு அதைப் படித்து முடித்தேன். வயது வடிகட்டியை நான் சொடுக்கியிருந்தேன் என்பதும் உண்மை. நாளை மறுநாள் எங்கள் மருத்துவ நூலகருடன் சந்திப்பு உறுதியாகியிருக்கிறது.

இன்னும் இரண்டு ஐயங்கள். நூலகர் இவ்வளவு உழைத்தால் அவர் பெயரைக் கட்டுரையில் ஆசிரியராகச் சேர்க்க வேண்டுமா? என் வகுப்புத் தோழர்கள் சிலர் செயற்கை நுண்ணறிவு உரையாடியிடம் தேடல் வரியை எழுதி வாங்குகிறார்கள்; அது போதாதா?

பதில் 5: மருத்துவ நூலகர்

ஆசிரியர் உரிமையை முதல் சந்திப்பிலேயே பேசிவிடுங்கள். முடிவில் பேசினால் இரு தரப்புக்கும் சங்கடம். மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு இதற்கு நான்கு நிபந்தனைகளை வைத்திருக்கிறது: ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ கணிசமான பங்களிப்பு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ளடக்கத்துக்குப் பொறுப்பேற்பு. தேடலை வடிவமைத்து, எல்லாத் தரவுத்தளங்களிலும் நடத்தி, செயல்முறைப் பகுதியில் தேடல் பத்திகளை எழுதி, இறுதிப் படியைப் படித்து ஒப்புதல் தரும் நூலகர் இவற்றை நிறைவு செய்கிறார். ஒரு மணி நேரம் ஆலோசனை வழங்கியவருக்கு நன்றியுரையில் ஒரு வரி போதும், அதையும் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். இதை எங்கள் பெருமைக்காகச் சொல்லவில்லை. பொது உள்மருத்துவ ஆய்விதழ்களில் வந்த முறையான மீளாய்வுகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், நூலகர் இணை ஆசிரியராக இருந்தவற்றில் தேடல் உத்திகள் கூடுதல் தரத்துடன் பதிவு செய்யப்பட்டிருந்தது தெரியவந்தது. பெயர் போடுபவர் பொறுப்பும் ஏற்கிறார் என்பதே இதன் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

செயற்கை நுண்ணறிவை ஒத்த பொருட்சொற்களைத் திரட்டுவதற்குப் பயன்படுத்தலாம். அதில் எனக்குத் தடையில்லை. ஆனால் அது தரும் தேடல் வரியில் மெஷ்ஷில் இல்லவே இல்லாத தலைப்புகளை அச்சு அசலாகத் தோன்றும்படி எழுதி வைத்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அது தரும் மேற்கோள்களும் அப்படித்தான்: கட்டுரையின் பெயர், ஆய்விதழ், பக்க எண் எல்லாம் பொருத்தமாக இருக்க, அப்படியொரு கட்டுரையே வெளியாகவில்லை என்று கண்டுபிடிக்க எங்கள் இரவல் பிரிவினர் அரை நாளைச் செலவழிக்கிறார்கள். அதோடு, இன்று கேட்டால் ஒன்றும் நாளை கேட்டால் வேறொன்றும் தரும் கருவியின் விடையை, பிறர் அப்படியே திரும்பச் செய்து பார்க்கக்கூடிய செயல்முறை என்று எழுத முடியாது. முறையான மீளாய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று கூறும் 2020ஆம் ஆண்டு 'ப்ரிஸ்மா' வழிகாட்டுதல் எல்லாத் தரவுத்தளங்களின் முழுத் தேடல் வரிகளையும் கேட்கிறது. தேடலுக்கென்றே 2021இல் வந்த 'ப்ரிஸ்மா-எஸ்' பதினாறு இனங்களில் விவரம் கேட்கிறது. எந்த வரியை யார் எழுதினாலும், ஓட்டுவதற்கு முன் இன்னொரு நூலகர் அதைப் படித்துப் பார்ப்பதற்காகப் 'ப்ரெஸ்' என்ற சரிபார்ப்பு முறையும் இருக்கிறது. உங்கள் நூலகரிடம் அதைக் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்: செவிலியர் துறை ஆய்வு மாணவி

சந்திப்பு முடிந்தது. ஒரு மணி நேரம் என்று சொன்னவர் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தார். முதல் நாற்பது நிமிடம் கணினியையே தொடவில்லை, "புரட்டுவது என்றால் யார் புரட்டுவது? செவிலியரா, வீட்டில் இருப்பவரா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தபோது, நான் உண்மையில் அறிய விரும்பியது வீட்டில் குடும்பத்தினரால் பராமரிக்கப்படும் முதியவர்களைப் பற்றித்தான் என்பது எனக்கே தெளிவானது. நெறியாளரும் ஒப்புக்கொண்டுவிட்டார். கேள்வியை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். நூலகர் இணை ஆசிரியராக இருக்கச் சம்மதித்திருக்கிறார். வரும் வாரம் நான் கொண்டு போகும் பத்துக் கட்டுரைகளை வைத்துத் தேடலைச் சோதிக்கப் போகிறோம்.

பதில் 6: மருத்துவ நூலகர்

மிக்க மகிழ்ச்சி. ஒன்றை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: தேடலை ஓட்டும் நாளன்று தேதி, தரவுத்தளம், எந்தத் தளத்தின் வழியாகத் திறந்தீர்கள், எத்தனை பதிவுகள் வந்தன என்ற நான்கையும் அந்த இடத்திலேயே எழுதிவிடுங்கள். கட்டுரைத் தெரிவும் தரவுப் பிரித்தெடுப்பும் முடிய ஓராண்டு ஆகிவிடும். கட்டுரையை அனுப்புவதற்கு முன் அதே வரிகளை மறுபடி ஓட்டி, இடையில் வந்த ஆய்வுகளைச் சேர்க்க வேண்டியிருக்கும். அந்த வேலைக்கான நேரத்தை உங்கள் நூலகரின் நாட்குறிப்பில் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.